காணாமல் போன சோடியம்: மிருதுவான பொருள்களுக்குள் காந்த ஒத்ததிர்வு பார்ப்பது என்ன?

ஒரு குழாயில் உப்புக் கரைசல். இன்னொன்றில் அதே அளவு உப்பு கலந்த கெட்டியான ஜெல். வேதிப் பகுப்பாய்வு செய்தால் இரண்டிலும் சோடியம் ஒரே அளவு என்றுதான் விடை வரும். ஆனால் அந்த அயனிகள் உள்ளே இருக்கும் விதம் ஒன்றல்ல. கரைசலில் அவை எந்தத் திசையிலும் தடையில்லாமல் உருள்கின்றன. ஜெல்லில் நீளமான சங்கிலி மூலக்கூறுகளுக்கு நடுவே நுழைந்து, மின்னூட்டம் உள்ள இடங்களில் கொஞ்சம் தயங்கி, பிறகு நகர்கின்றன. இந்தத் தயக்கத்தைச் செறிவு என்ற ஒற்றை எண் காட்டாது.

இது ஆய்வகத்தோடு முடிகிற ஆர்வம் அல்ல. மூட்டுகளில் உள்ள குருத்தெலும்பில் எதிர்மின்னூட்டம் கொண்ட சர்க்கரைச் சங்கிலிகள் நிறைந்திருக்கின்றன. நேர்மின்னூட்டம் உள்ள சோடியத்தை அவைதான் உள்ளே இழுத்து வைத்திருக்கின்றன. ரத்தத்தில் லிட்டருக்கு 140 மில்லிமோல் இருக்கும் சோடியம், நல்ல குருத்தெலும்பில் 250 முதல் 350 வரை போகும். சங்கிலிகள் சிதையத் தொடங்கினால் சோடியத்தின் அளவும் அதன் நடமாட்டமும் மாறும். சோடியம் மின்கலங்களுக்கான ஜெல் மின்பகுபொருளிலும் கேள்வி இதேதான்: அயனிகள் எவ்வளவு என்பதைவிட, அவை எப்படி நகர்கின்றன?

பொருளைக் கிழிக்காமல், கரைக்காமல், உள்ளே இருக்கும் சோடியத்திடமே இதைக் கேட்க ஒரு வழி உண்டு. அதுதான் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக என்.எம்.ஆர். வலுவான காந்தத்துக்குள் பொருளை வைத்து ரேடியோ அலைத் துடிப்பு ஒன்றைக் கொடுத்தால், அணுக்கருக்கள் தமக்கே உரிய அதிர்வெண்ணில் பதில் சிக்னல் தரும்; அதைத்தான் கேட்கிறோம். மருத்துவமனையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படமும் இதன் பிள்ளைதான். இங்கே ஒரு சொல் குறிப்பு. ஜெல், திரவப் படிகம், திசு, பாலிமர் போன்றவற்றை அறிவியலில் ஒரே குடும்பமாக வைப்பார்கள். அதை 'மென்பொருள்' என்று எழுதினால் கணினிதான் நினைவுக்கு வரும். அதனால் 'மிருதுவான பொருள்கள்' என்றே எழுதுகிறேன்.

பலவீனமான குரல்

எம்.ஆர்.ஐ. வழக்கமாகக் கேட்பது ஹைட்ரஜனின் குரலை. நீர் எங்கும் இருப்பதால் ஹைட்ரஜனும் எங்கும் இருக்கிறது. சோடியத்தின் நிலை வேறு. இயற்கையில் கிடைக்கும் சோடியம் முழுவதும் சோடியம்-23 என்ற ஒரே ஐசோடோப்புதான். இது நமக்குச் சாதகம், ஏனென்றால் எந்த அணுவும் வீணாகவில்லை. ஆனால் 9.4 டெஸ்லா காந்தத்தில் ஹைட்ரஜன் 400 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது சோடியம் சுமார் 106 மெகாஹெர்ட்ஸில்தான் பேசும். அதிர்வெண் குறைந்தால் சிக்னலும் குறையும். அணுக்கருவுக்கு அணுக்கரு ஒப்பிட்டால் சோடியத்தின் குரல் ஹைட்ரஜனுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீரில் ஹைட்ரஜன் லிட்டருக்கு 110 மோல். உடல் திரவத்தில் சோடியம் 0.15 மோல் அளவில்தான். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நீரின் சிக்னலைவிடச் சோடியத்தின் சிக்னல் ஏறக்குறைய 8000 மடங்கு பலவீனம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சோடியம் மிக வேகமாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தூய நீரின் ஹைட்ரஜன் ஓய்வுக்குத் திரும்பச் சில வினாடிகள் எடுக்கும். கரைசலில் உள்ள சோடியத்துக்கு சுமார் 60 மில்லி வினாடி போதும். ஆகவே ஒரு வினாடிக்கு மூன்று நான்கு முறை அளந்து, அளவீடுகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். கூட்டும்போது சிக்னல் அளவீடுகளின் எண்ணிக்கைக்கு நேராக வளரும். இரைச்சல் அந்த எண்ணின் வர்க்கமூலமாக மட்டுமே வளரும். 100 முறை அளந்தால் தெளிவு 10 மடங்கு. இந்த எண்ணை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

உருண்டை அல்லாத அணுக்கரு

சோடியம் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஓய்வுக்குத் திரும்புகிறது? இந்தக் கட்டுரையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஹைட்ரஜனின் அணுக்கரு தன்னைச் சுற்றியுள்ள மின்புலம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கவலைப்படாது. அதற்குக் காந்தப்புலம் மட்டுமே தெரியும். சோடியம்-23 அப்படி இல்லை. அதன் தற்சுழற்சி எண் (அணுக்கருவின் காந்தக் குணத்தைக் குறிக்கும் குவாண்டம் எண்) 3/2. அதன் மின்னூட்டம் சரியான உருண்டையாகப் பரவாமல் சற்றே நீண்ட பந்து போலப் பரவியிருக்கிறது. இதை நான்முனைத் திருப்புத்திறன் என்பார்கள். நீண்ட பந்துக்குத் திசை உண்டு. சுற்றியுள்ள மின்புலம் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு ஒரே சீராக இல்லாமல் சரிந்தால், அந்தச் சரிவை இந்த அணுக்கரு உணரும். அதன் ஆற்றல் மட்டங்கள் நகரும்.

அதாவது, சோடியம் அணுக்கரு தன் அயல்வீட்டைத் தொட்டுப் பார்க்கும் ஒரு உணரி. நிறமாலைக் கோடுகளை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் வரைபடத்தின் முகடுகளை) அகலப்படுத்தி, சிக்னலைச் சீக்கிரம் அழித்து, அளப்பவர்களைத் திணறடிப்பது இந்தக் குணம்தான். ஆனால் இது இல்லாவிட்டால் ஜெல்லுக்கும் கரைசலுக்கும் வித்தியாசமே தெரியாது. சோடியம் என்.எம்.ஆரின் வளர்ச்சி எல்லாமே இந்தத் தொல்லையைக் கருவியாக மாற்றிய கதை என்றுதான் நான் பார்க்கிறேன்.

சரி, மின்புலச் சரிவு எப்படி இருக்கும்? மூன்று நிலைமைகளைத் தனித்தனியாகப் பாருங்கள்.

முதலாவது, தனி நீர். சோடியத்தைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகள் ஒரு பிகோ வினாடியைச் சுற்றிய கால அளவில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பிகோ வினாடி என்பது ஒரு வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. சரிவு எந்தத் திசையிலும் நிலைக்காது. சராசரி பூஜ்யம். அணுக்கரு ஏறக்குறைய எதையும் உணராமல் நிம்மதியாக இருக்கும்.

இரண்டாவது, வேகம் குறைந்த சூழல். ஒரு ஜெல்லுக்குள் பெரிய மூலக்கூறுகள் மெதுவாக அசைகின்றன. சரிவின் ஒரு பகுதி அவற்றோடு சேர்ந்து மெதுவாக மாறுகிறது. கடைசியில் சராசரி பூஜ்யம்தான், ஆனால் அதற்கு நானோ வினாடிகளோ அதற்கு மேலோ ஆகிறது. 106 மெகாஹெர்ட்ஸில் அணுக்கருவின் சொந்தத் தாளமும் நானோ வினாடி அளவுதான் என்பதால், இந்த மெதுவான அசைவு அதை நன்றாகவே உலுக்கிவிடும்.

மூன்றாவது, ஒழுங்கு உள்ள சூழல். இழுத்து நீட்டிய ஜெல், அடுக்கடுக்கான திரவப் படிகம், ஒரே திசையில் ஓடும் நார்கள் கொண்ட தசைநாண். இங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சராசரி பூஜ்யம் ஆகாது. ஒரு சிறு மிச்சம் தங்கிவிடும். மிருதுவான பொருள்களில் இந்த மிச்சம், அதிர்வெண் விலகலாகச் சொன்னால், பெரும்பாலும் சில பத்து ஹெர்ட்ஸ் முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை. படிகத்தில் அது லட்சக்கணக்கில் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் இது நூலளவு. ஆனாலும் அளக்க முடியும்.

'மெதுவான சூழல்', 'ஒழுங்கான சூழல்' இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வது புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் நேர்வது. இன்னொரு குழப்பம் இதைவிடப் பழையது. அதில் தேர்ந்த ஆய்வாளர்களே பல ஆண்டுகள் சிக்கியிருந்தார்கள்.

60-ம் 40-ம்

1960-களில் ஃப்ரீமன் கோப் என்ற ஆய்வாளர் தசை போன்ற திசுக்களில் சோடியத்தின் என்.எம்.ஆர். சிக்னலை அளந்தார். திசுவில் மொத்தம் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்பது வேறு முறையில் தெரியும். அதோடு ஒப்பிட்டால், பாதிக்கு மேற்பட்ட சோடியத்தின் சிக்னலைக் காணோம். அவர் எடுத்த முடிவு இயல்பாகத் தோன்றுவது: காணாத சோடியம் புரதங்களோடு இறுகப் பிணைந்திருக்கிறது, அதனால் அதன் கோடு அகலமாகி இரைச்சலில் கரைந்துவிட்டது, தெரிவது மட்டும்தான் தளையற்ற சோடியம்.

1972-இல் ஷ்போரர், சிவான் என்ற இருவர் ஓர் எளிய பரிசோதனையால் இந்த முடிவை அசைத்தார்கள். சோப்பு வகை உப்பான சோடியம் லினோலியேட்டும் நீரும் கலந்த திரவப் படிகத்தை எடுத்தார்கள். அதில் பிணைந்தது ஒரு கூட்டம், தளையற்றது இன்னொரு கூட்டம் என்று பிரிக்க இடமில்லை. ஆனாலும் சிக்னலின் பெரும்பகுதி 'காணாமல் போனது'.

எப்படி? தற்சுழற்சி 3/2 என்றால் காந்தப்புலத்தில் நான்கு ஆற்றல் மட்டங்கள். நான்கு படிகள் கொண்ட ஏணிக்கு நடுவே மூன்று இடைவெளிகள் இருப்பது போல, அடுத்தடுத்த மட்டங்களுக்கு இடையே மூன்று தாவல்கள்: நடுவில் ஒன்று, ஓரத்தில் இரண்டு. குவாண்டம் கணக்குப்படி இவற்றின் சிக்னல் பங்கு 3 : 4 : 3. நடுத்தாவலுக்கு 40 சதவீதம், இரண்டு ஓரத்தாவல்களுக்கும் சேர்த்து 60 சதவீதம். மின்புலச் சரிவு ஓரத்தாவல்களைத்தான் நேரடியாகத் தாக்கும்; நடுத்தாவலை முதல் தோராயத்தில் தொடாது. ஒழுங்கான சூழலில் ஓரக்கோடுகள் இரண்டு பக்கமும் விலகிப் போகும். பொருளின் பகுதிகள் பல திசைகளில் நின்றால் அந்த ஓரக்கோடுகள் பரந்து மங்கிவிடும். மெதுவான சூழலில் ஓரத்தாவல்களின் சிக்னல் வேகமாக அழியும், நடுத்தாவலின் சிக்னல் நிதானமாக அழியும்.

திசுக்களில் சோடியம் சிக்னல் அழிவதை அளந்தால் இரண்டு வேகங்கள் தெரியும்: ஒன்று 0.5 முதல் 5 மில்லி வினாடி, மற்றது 15 முதல் 30 மில்லி வினாடி. பார்த்ததும் 'இரண்டு வகைச் சோடியம் இருக்கிறது' என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது. ஒரே ஒரு வகைச் சோடியமே இந்த இரட்டை வேகத்தைக் காட்டும், ஏனென்றால் ஒவ்வொரு அணுக்கருவுக்குள்ளும் ஓரத்தாவலும் உண்டு, நடுத்தாவலும் உண்டு. 60 சதவீதம் வேகமாக அழிந்தது என்பதற்கு 60 சதவீத அயனிகள் பிணைந்திருக்கின்றன என்று பொருளே இல்லை. இதனால்தான் 'பிணைந்த சோடியம்' என்ற சொல்லே எனக்கு உவப்பானதல்ல. பெரும்பாலான மிருதுவான பொருள்களில் எந்தச் சோடியமும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. சங்கிலியின் ஓரத்துக்கு வருகிறது, போகிறது. நாம் அளப்பது அந்த வரத்துப்போக்கின் சராசரியை.

வேண்டியதை மட்டும் வடிகட்டுவது

சாதாரண அளவீட்டில் எல்லாச் சோடியமும் ஒரே நேரத்தில் பேசுகிறது. ஒரு மூட்டைப் படம் பிடித்தால் குருத்தெலும்பும் பேசும், பக்கத்தில் உள்ள மூட்டுத் திரவமும் பேசும். திரவத்தை மௌனமாக்கி, ஜெல் போன்ற பகுதியை மட்டும் கேட்க வேண்டும். இதற்காக வந்தவைதான் பல குவாண்டம் வடிகட்டிகள். 1980-களின் நடுவில் இவற்றின் கோட்பாடும் முதல் செய்முறைகளும் உருவாயின.

யோசனை இது. ஒரு ரேடியோ அலைத் துடிப்பு வழக்கமாக அணுக்கருக்களை அடுத்தடுத்த மட்டங்களுக்கு இடையிலான ஒரு படி ஒத்திசைவில், அதாவது எல்லாம் ஒரே தாளத்தில் அசையும் நிலையில், கொண்டுவந்து நிறுத்தும். ஓரத்தாவலும் நடுத்தாவலும் வேறுவேறு விதமாக நடந்துகொண்டால் மட்டும், அடுத்து ஒரு துடிப்பு கொடுத்து, ஏணியின் அடிப்படியையும் உச்சிப்படியையும் இணைக்கும் மூன்று படி ஒத்திசைவை உண்டாக்க முடியும். தனி நீரில் மூன்று தாவல்களும் ஒரே மாதிரி நடப்பதால் அங்கே இது பிறக்கவே பிறக்காது. ஆக, மூன்று படி ஒத்திசைவு வழியாக வந்த சிக்னலை மட்டும் பொறுக்கி எடுத்தால், தனி நீர்ச் சோடியம் தானாக விலகிவிடும்.

எப்படிப் பொறுக்குவது? இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. ரேடியோ அலையின் கட்டத்தை (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை) 60 பாகை திருப்பினால், ஒரு படி ஒத்திசைவு 60 பாகை திரும்பும், இரண்டு படி 120 பாகை, மூன்று படி 180 பாகை. 180 பாகை என்றால் குறி மாறுவது, அதாவது கூட்டல் கழித்தலாவது. இப்போது கட்டத்தை 60 பாகையாகத் திருப்பித் திருப்பி ஆறு முறை அளந்து, முடிவுகளை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் சேருங்கள். மூன்று படிச் சிக்னல் ஒவ்வொரு முறையும் குறி மாறி வருகிறது, நாமும் குறி மாற்றிச் சேர்க்கிறோம். ஆறும் ஒன்றாகக் குவியும். ஒரு படியும் இரண்டு படியும் வட்டத்தைச் சுற்றிச் சிதறி, கூட்டினால் பூஜ்யம். எந்தப் பொருளையும் தொடாமல், வெறும் கணக்கால் செய்த சல்லடை இது.

ஆனால் இந்தச் சல்லடை மெதுவான சூழல், ஒழுங்கான சூழல் இரண்டையும் உள்ளே விடும். ஒழுங்கை மட்டும் கேட்க இன்னொன்று வேண்டும். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் கில் நேவோனும் அவரது சகாக்களும் 1990-களின் தொடக்கத்தில் இரண்டு படி வடிகட்டியை ஒழுங்கின் அடையாளமாக வளர்த்தெடுத்தார்கள். அதில் சில துடிப்புகளை 90 பாகைக்குப் பதில் 54.7 பாகையில் கொடுப்பார்கள். இந்தப் பாகை அலையின் கட்டம் அல்ல, துடிப்பு அணுக்கருக்களின் காந்தத்தை எவ்வளவு சாய்க்கிறது என்ற கோணம். மெதுவான அசைவால் மட்டும் பிறந்த பகுதி அந்தக் கோணத்தில் இரண்டு படிக்கு ஏறவே முடியாது. மிச்சச் சரிவால் பிறந்த பகுதி மட்டும் ஏறும். சிக்னல் வந்தால் உள்ளே எங்கோ ஒழுங்கு இருக்கிறது என்று அர்த்தம். நிறமாலையில் மூன்று கோடுகள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னும் எதைச் சரிசெய்ய வேண்டும்?

வடிகட்டிக்கு விலை உண்டு. திசுக்களில் மூன்று படி வழியாக மிஞ்சும் சிக்னல், சாதாரணச் சிக்னலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பத்து மடங்கு இழந்ததை மீட்க நூறு மடங்கு அளக்க வேண்டும். முன்பு சொன்ன வர்க்கமூலக் கணக்கு இங்கே வந்து நிற்கிறது. ஆய்வகத்தில் ஒரு ஜெல் பொறுமையாக இருக்கும், படுத்திருக்கும் மனிதரால் முடியாது. வலுவான காந்தம், குளிர்விக்கப்பட்ட கம்பிச்சுருள் ஆகியவை ஓரளவு உதவும்.

அடுத்தது, புலங்களின் ஒழுங்கின்மை. காந்தப்புலம் மாதிரி முழுவதும் ஒரே சீராக இருக்காது. துடிப்பின் பலமும் இடத்துக்கு இடம் மாறும். 54.7 பாகை என்று நினைத்துக் கொடுத்தது ஒரு மூலையில் 50 பாகையாக விழுந்தால், மறைய வேண்டிய சிக்னல் அங்கே கசிந்துவிடும். காந்தப்புலக் குறைக்கு ஒரு பழைய மருந்து உண்டு: துடிப்புகளுக்கு இடையே காத்திருக்கும் நேரத்தின் நடுவில் 180 பாகைத் துடிப்பு. அது புலக் குறையால் வந்த விலகலைத் திருப்பி நேராக்கும். மின்புலச் சரிவின் விளைவு அந்தத் துடிப்பால் குறி மாறாது என்பதால் நமக்கு வேண்டியது அப்படியே வளரும். அருமையான தற்செயல் பொருத்தம். ஆனால் அந்த 180 பாகையும் துல்லியமாக விழ வேண்டுமே! படம் பிடிப்பதில் இன்னொரு சிக்கல், வேகமாக அழியும் பகுதி இடக்குறியீடு (சிக்னல் எந்த இடத்திலிருந்து வந்தது என்று பதிவது) முடிவதற்குள் போய்விடும். அதற்குக் காத்திருப்பைக் கூடியவரை சுருக்கிய அளவீட்டு முறைகள் இருக்கின்றன.

இந்தத் துறையில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது துடிப்புகளையே புதிதாக வடிவமைக்கும் வேலை. 2005-இல் நவீன் கனேஜா, ஸ்டெஃபன் கிளாசர் உள்ளிட்டோர் கிரேப் என்ற கணிப்பு முறையை வெளியிட்டார்கள். ஒரு துடிப்பை நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் பலத்தையும் கட்டத்தையும் கணினி திருத்திக்கொண்டே போகும். நாம் கொடுப்பது இலக்கு மட்டும்: 'கடைசியில் ஜெல்லின் சோடியம் முடிந்தவரை பெரிதாக வரட்டும், தனி நீரின் சோடியம் மறையட்டும், புலம் கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை.' நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அலெக்செய் ஜெர்ஷோவின் குழு இத்தகைய உகந்த கட்டுப்பாட்டு முறைகளைச் சோடியத்துக்குப் பயன்படுத்திக் காட்டியது. வடிகட்டியின் நீண்ட வழியைச் சுற்றாமலே வெவ்வேறு சூழல்களின் சோடியத்தைப் பிரித்துக் கேட்க முடியும் என்பது இதில் பெரிய லாபம். கணினி தரும் துடிப்பின் வடிவம் பார்க்க அலங்கோலமாக இருக்கும். அதை ஏன் அப்படி வரைந்தது என்று ஒரு மனிதர் உட்கார்ந்து புரிந்துகொள்ளும்போதுதான் அடுத்த நல்ல யோசனை வரும் என்று நினைக்கிறேன்.

புது முறை எதுவானாலும், விடை தெரிந்த மாதிரியில் சோதித்த பிறகே தெரியாத மாதிரிக்குப் போக வேண்டும். உப்புக் கரைசல் தனி நீருக்கான சோதனை. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் ஜெல் மெதுவான சூழலுக்கு. ஒழுங்குக்கு, சிட்னி பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் குச்செல் பயன்படுத்திய உத்தி மிக நேர்த்தியானது: மீள்தன்மையுள்ள குழாய்க்குள் ஜெலாட்டின் ஜெல்லை வைத்து, காந்தத்துக்குள் இருக்கும்போதே இழுப்பது. இழுக்காதபோது சோடியம் ஒரே கோடு. இழுக்க இழுக்க அது மூன்றாகப் பிரிந்து, ஓரக்கோடுகள் விலகிப் போகும். விட்டால் மறுபடி ஒன்றாகும். ஒழுங்கு என்ற ஒன்றைக் கையால் கூட்டவும் குறைக்கவும் முடிகிற மாதிரி இது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, அதோடு ஒரு சின்னக் கணக்கு. வடிகட்டி வழியாக வந்த சிக்னலின் உயரத்தை அயனிகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நாம் தேர்ந்தெடுக்கும் காத்திருப்பு நேரத்தைப் பொறுத்து மாறும். வேகமான அழிவு 2 மில்லி வினாடி, மெதுவான அழிவு 20 மில்லி வினாடி என்று வைத்துக்கொண்டால், மூன்று படிச் சிக்னல் பூஜ்யத்தில் தொடங்கி, சுமார் 5 மில்லி வினாடியில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். வேறு ஜெல்லில் உச்சம் வேறு இடத்தில் வரும். அதனால் ஒரே நேரத்தில் அளந்து இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். காத்திருப்பு நேரத்தைப் படிப்படியாக மாற்றி, முழு வளைவையும் எடுத்து, அதிலிருந்து இரண்டு அழிவு நேரங்களையும் மிச்சச் சரிவின் அளவையும் பிரித்தெடுக்க வேண்டும். அதே வளைவை வெறும் உப்புக் கரைசலில் எடுத்தால், எந்தக் காத்திருப்பு நேரத்திலும் அது தரையை விட்டு எழாது. எழுந்தால் நம் துடிப்புகளில்தான் எங்கோ பிழை.